ரூர் வட்டாரம்: கனரகத் தொழிலுக்குப் பிந்தைய அறுபது ஆண்டுகள்



வளர்ந்த நாடொன்று கனரகத் தொழில்களைக் கடந்து செல்வது குறித்த ஆய்வுகள் பலவும், உழைப்பு வேளாண்மையிலிருந்து தொழிலுக்கும் தொழிலிலிருந்து சேவைத் துறைக்கும் படிப்படியாக நகரும் என்ற விளக்கத்திலிருந்தே தொடங்குகின்றன. காலின் கிளார்க் 1940இலும் ழான் ஃபூரஸ்தியே 1949இலும் வெளியிட்ட நூல்கள் இவ்விளக்கத்துக்கு உருவம் கொடுத்தன. டேனியல் பெல் 1973இல் அதனை மேலும் நீட்டி, கோட்பாட்டு அறிவையே அச்சாகக் கொண்டு இயங்கும் தொழில்துறைக்குப் பிந்தைய சமூகம் என்ற கருத்தை முன்வைத்தார். நாட்டின் மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது பொருந்தியே தோன்றும். ஆனால் சுரங்கம் மூடப்படும் ஊர் ஒன்று, காப்பீட்டு நிறுவனம் திறக்கப்படும் ஊர் வேறு. வேலை இழப்பவர் ஐம்பது வயதினர், புதிய வேலைக்கு அழைக்கப்படுபவர் இருபத்தைந்து வயதினர். எனவே, மாறுவதற்கு வேண்டிய கால அவகாசத்தை யார் விலை கொடுத்து வாங்கினார்கள், அந்த அவகாசத்தில் காக்கப்பட்டவர் யார், விடுபட்டவர் யார் என்ற கேள்விகளே ஆய்வுக்கு அதிகம் பயன்படும் என்பது இவ்வுரையின் நிலைப்பாடு. இதற்கு ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தைவிட நீண்ட சான்று கிடைப்பது அரிது.

ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இந்த நகரத் தொகுதி, நிலக்கரியையும் அதைச் சார்ந்த எஃகையும் கொண்டு ஒரு நூற்றாண்டுக் காலம் ஜெர்மனியின் தொழில்வலிமையைத் தாங்கி நின்றது. 1950களின் நடுப்பகுதியில் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் பணியாற்றினர். 1958இல், மலிவான அமெரிக்க நிலக்கரியும் எண்ணெயும் சந்தையில் புகுந்ததால், தோண்டிய கரி விற்காமல் சுரங்க முகப்புகளில் குவியத் தொடங்கியது. அதன்பின் கடைசிச் சுரங்கமான போட்ராப் நகரின் புரோஸ்பர்-ஹானியல் 2018 டிசம்பரில் மூடப்படும் வரை அறுபது ஆண்டுகள் சென்றன. சந்தை ஏறக்குறைய ஒரே ஆண்டில் சொல்லிவிட்டதை நிறைவேற்ற ஒரு நாடு இரண்டு தலைமுறைக் காலம் எடுத்துக்கொண்டது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

இந்த அவகாசம் தானாக வந்ததன்று. நிலக்கரி, எஃகு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளர் தரப்புக்கு முதலீட்டாளருக்குச் சமமான இடத்தை அளித்த 1951ஆம் ஆண்டின் கூட்டு முடிவுரிமைச் சட்டம், ஆட்குறைப்பு எதையும் பேச்சுவார்த்தையின்றிச் செய்ய இயலாதபடி ஆக்கியிருந்தது. 1968இல் சிதறிக்கிடந்த சுரங்க நிறுவனங்கள் பலவும் ரூர்கோலே என்ற ஒரே நிறுவனத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. ஒரு சுரங்கம் மூடப்பட்டால் அதன் ஆட்கள் இன்னொரு சுரங்கத்துக்கு மாற்றப்பட்டனர், நிலத்தடியில் உழைத்தவர்கள் ஐம்பது வயதிலேயே இடைக்கால உதவித்தொகையுடன் விலகலாம் என்ற ஏற்பாடும் வந்தது. செலவின் ஒரு பகுதியை மின்கட்டணத்தோடு சேர்த்து வசூலித்த தனித் தீர்வை 1970களின் நடுப்பகுதி முதல் ஈடுகட்டியது. அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1994இல் கூட்டாட்சி அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சுமை நேரடியாக அரசின் வரவுசெலவுத் திட்டத்துக்கு நகர்ந்தது. இதே மாற்றத்தை 1984–85 வேலைநிறுத்தத்தின் தோல்விக்குப் பின் மிகக் குறுகிய காலத்தில் செய்து முடித்த பிரிட்டனின் சுரங்க ஊர்களை நோக்கினால், ரூர் வட்டாரத்தார் வாங்கிய அவகாசத்தின் மதிப்பு விளங்கும்.

எனினும் காக்கப்பட்டவர், ஏற்கெனவே பணியில் இருந்தவரே. பணிக்கு வரவேண்டிய வயதில் இருந்தவருக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. தந்தை மதிப்போடு ஓய்வு பெற்றார், மகன் நுழைய வேண்டிய வாயில் அவர் பின்னாலேயே சாத்தப்பட்டது. துருக்கியுடன் ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1961இல், அதாவது நிலக்கரி நெருக்கடி தொடங்கி மூன்றாண்டுகள் கழிந்த பின் என்பதை நினைத்தால், அவ்வாறு வந்தவர்களின் பிள்ளைகள் எத்தகைய வேலைச் சந்தையில் வளர்ந்தார்கள் என்பது புரியும். கெல்சன்கிர்ஷன் நகரம் இன்றும் நாட்டிலேயே வேலையின்மை மிகுந்த நகரங்களுள் ஒன்றாக இருப்பதற்கு இதில் ஒரு காரணம் உண்டு.

அவகாசம் ஏன் புதுமையாக விளையவில்லை என்பதைப் பொருளாதாரப் புவியியலாளர் கெர்னோட் கிராபர் 1993இல் எழுதிய கட்டுரை ஆராய்ந்தது. நிறுவனங்களுக்கிடையே நெடுங்காலம் நிலைத்த கொள்முதல் உறவுகள், எல்லாரையும் ஒரே கோணத்தில் பார்க்கப் பழக்கிய சிந்தனை மரபு, தொழிலதிபர்களும் தொழிற்சங்கங்களும் மாநில அரசும் ஒருமித்துப் பழைய தொழிலையே காத்த அரசியல் உடன்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்து வட்டாரத்தை அதன் பழைய பாதையிலேயே பூட்டிவிட்டன என்பது அவரது வாதம். ஒருகாலத்தில் பலமாக இருந்த நெருக்கமே பின்னர்ப் பலவீனமானது. இதில் நிலவுடைமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பரப்பைக் கையில் வைத்திருந்த சுரங்க நிறுவனங்கள், ஆட்களுக்குப் போட்டியாகக்கூடிய புதிய தொழில்களுக்கு இடம் விற்கத் தயங்கின.

புதியனவும் வந்தன. அதுவரை பல்கலைக்கழகம் இல்லாதிருந்த வட்டாரத்தில் 1965இல் போஹும் பல்கலைக்கழகம் கற்பித்தலைத் தொடங்கியது; அதே நகரில் மூடிய சுரங்கங்களின் நிலத்தில் ஓப்பல் 1962இல் கார் ஆலை அமைத்தது, பின்னர் நோக்கியாவும் வந்தது. நோக்கியா 2008இல் உற்பத்தியை ருமேனியாவுக்கு மாற்றிச் சென்றது, ஓப்பல் 2014 டிசம்பரில் மூடியது, பல்கலைக்கழகம் நிலைத்தது. (அதே 2014இன் நவம்பரில் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை நின்றுபோனதைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் இதனோடு வைத்துப் பார்க்கலாம்.) பலன் சமமாகப் பரவவுமில்லை: கரிப்படுகை தெற்கே மேலோட்டமாகவும் வடக்கே ஆழமாகவும் இருந்ததால் சுரங்கத் தொழில் வடக்கு நோக்கி நகர்ந்தது, முன்னதாக விடுபட்ட தெற்குக்குப் புதிய துறைகள் முன்னதாக வந்தன. இன்று வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் ஏ40 நெடுஞ்சாலையே செல்வத்துக்கும் வறுமைக்கும் இடையிலான கோடு எனப் பேசப்படுகிறது.

நிலமும் நீரும் தனியே பேசத்தக்கவை. சுரங்கம் தோண்டியதால் தரை தொடர்ந்து அமிழ்ந்தது. அமிழும் தரைக்குள் கழிவுநீர்க் குழாய் பதித்தால் உடையும் என்பதால், எம்ஷர் ஆறே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் திறந்த சாக்கடையாகப் பயன்பட்டது. சுரங்கத் தொழில் அகன்று தரை நிலைகொண்ட பிறகே, 1990களில் தொடங்கி, 500 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டு, கழிவுநீரை நிலத்தடிக்கு மாற்ற முடிந்தது. 2021இன் இறுதியில் ஆறு கழிவுநீரிலிருந்து விடுபட்டது. எஸ்ஸன் நகரின் ட்ஸோல்ஃபெரைன் சுரங்கம் 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. டோர்ட்முண்டில் எஃகாலை நின்ற இடத்தில் ஏரி வெட்டப்பட்டது. படங்களுக்கு ஏற்ற இக்காட்சிகளே வெற்றிக்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்படுகின்றன. ஆனால் ஏரிக்கரை வீடுகளில் பழைய எஃகாலைத் தொழிலாளர் எத்தனை பேர் குடியேற முடிந்தது என்ற கேள்வியை அக்காட்சிகள் எழுப்புவதில்லை. சில இடங்களில் தரை இருபது மீட்டருக்கும் மேல் அமிழ்ந்திருப்பதால், நீரை இடைவிடாமல் இறைக்காவிட்டால் நகரப்பகுதிகள் மூழ்கிவிடும். முடிவே இல்லாத இப்பணிகளுக்காக 2007இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டு, எவோனிக் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் பங்குகள் அதன் முதன்மைச் சொத்தாக ஆக்கப்பட்டன. ஆண்டுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் இதற்குச் செலவாகிறது. சுரங்கத் தொழில் ஒழிந்த பின்னும் அதன் கணக்குப் புத்தகம் மூடப்படவில்லை.

இப்போது எஃகின் முறை. டூயிஸ்பர்க் நகரில் கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைக் கொண்டு இரும்பு எடுக்கும் ஆலைக்கு ஏறத்தாழ 200 கோடி யூரோ அரசு நிதி 2023இல் ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டு நவம்பரில் தைசன்குரூப்பின் எஃகுப் பிரிவு தன் 27,000 பணியிடங்களை 16,000 ஆகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. பழுப்பு நிலக்கரி வட்டாரங்களுக்கோ, 2038க்குள் கரியைக் கைவிடும் 2020ஆம் ஆண்டின் சட்டத்தையொட்டி 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கப்பட்டுள்ளது. இத்தொகைகளில் எவ்வளவு பணியில் இருப்பவருக்கு, எவ்வளவு அவ்வூர்ப் பள்ளிகளில் இன்று படிப்பவருக்கு என்று பிரித்துக் காட்டும் கணக்கு எங்கும் எளிதில் கிடைப்பதில்லை. முதல் அமர்வில் படிக்கப்படவுள்ள கட்டுரைகள் அந்தப் பிரிப்பிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கு தொடங்கி வைக்கப்படுகிறது.