ஆடிட் மட்டும் போதாது, விலையிலும் பொறுப்பு வேண்டும்!

(ஐ.டி. விங் ஆன்லைன் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2013 ஏப்ரல் 24. வங்கதேசத்தில் டாக்கா பக்கம் சவார். ராணா பிளாசா கட்டிடத்தில் முந்தின நாளே விரிசல் தெரிஞ்சது. அங்கே இருந்த வங்கியை மூடிட்டாங்க. ஆனா தையல் தொழிலாளர்களை மறுநாளும் வேலைக்கு வரச் சொன்னாங்க. கட்டிடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல் இறந்தாங்க.

துணி வாங்குற பிராண்டுக்கும் இதுல பொறுப்பு உண்டுங்கிற குரல் அதுக்கப்புறம் வலுத்தது. ஜெர்மனியில் 2023-ல் சப்ளை செயின் சட்டம் அமலுக்கு வந்தது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு சட்டம் கொண்டு வந்தது. அதோட தேதியை 2025-ல் தள்ளி வச்சுட்டாங்க, அது வேற கதை.

சரி, நம்ம திருப்பூருக்கு என்ன? பையர் ஆடிட் கேட்கிறார், சர்டிபிகேட் கேட்கிறார். கேட்கட்டும், தப்பே இல்லை. ஆனா அந்தச் செலவு யார் தலையில்?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் பாழானதைப் பார்த்தவங்க அந்த உத்தரவைக் குறை சொல்ல மாட்டாங்க. இன்னிக்குச் சாயக்கழிவை வெளியே விடாம சுத்திகரிக்கிறாங்க. அந்தச் செலவு சாயக் கூலியில் ஏறுது. ஆனா பீஸ் விலை பேசும்போது, இந்தச் செலவே செய்யாத ஊரோட போட்டி போடணும். கட்டுப்படியாகலைன்னா கடைசியில் கை வைக்கிறது தொழிலாளியோட கூலியில்தான்.

ஒன்றிய அரசு 2019-ல் பொறுப்பான வணிக நடத்தைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்பது கொள்கைகள், எதுவும் கட்டாயமில்லை. செபி கட்டாயமா அறிக்கை கேட்பது பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களிடம். நாலு பவர் டேபிள் போட்ட ஜாப் ஒர்க் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அக்காவுக்கு அதனால என்ன பிரயோஜனம்?

வழி இல்லாம இல்லை. ராணா பிளாசாவுக்குப் பிறகு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்க. ஆலை பாதுகாப்பா இயங்கக் கட்டுப்படியாகும் விதத்தில் விலை பேசணும்னு அதில் எழுதியே இருக்கு.

நாம கேட்க வேண்டியதும் அதுதான். வர்த்தக ஒப்பந்தம் பேசும்போது வாங்குபவரின் விலைப் பொறுப்பையும் ஒன்றிய அரசு பேசணும். சிறு யூனிட்டுகளுக்குச் சுத்திகரிப்பு, பாதுகாப்புச் செலவில் கைகொடுக்கணும். ஆடிட் நடக்கும்போது தொழிலாளியை முதலாளி இல்லாம தனியா பேச விடணும்.

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற சொந்தக்காரங்க உங்களுக்கும் இருப்பாங்க. இதை அவங்களுக்கு அனுப்புங்க. அவங்க சொல்றதை கமெண்டில் எழுதுங்க.