பன்றியின் படுக்கையும் பாதையும்



ஹாலிஎலவில் உருளைக்கிழங்குப் பாத்தியைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிளறி அழித்துவிடும். வேலிக்குப் பணஞ் செலவிடுமுன், அது எங்கே படுக்கின்றது, எவ்வழியே வருகின்றது என அறிதல் வேண்டும்.

பகலில் பன்றி கைவிடப்பட்ட தேயிலை நிலத்திலும், மானாப்புல்லிலும், ஓடையோரப் புதரிலும் படுத்திருக்கும். அங்கே நுழைந்து கலைத்தல் ஆகாது. கலைந்த பன்றி வேறு வழியைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் நின்றே பாருங்கள். சேற்றில் புரண்ட பள்ளமும், உடல் உராய்ந்த மரத்தில் ஒட்டிய சேறும் அதன் நடமாட்டத்தைக் காட்டும். ஈரமண்ணில் இரு குளம்புகளின் பின்னே பக்கத்துக்கொன்றாகச் சிறு பதிவும் இருப்பின் அது பெரும்பாலும் பன்றியே. மரையின் தடம் பெரியது, நீண்டது.

மாலையில் நிலத்தின் எல்லையோரம் மண்ணைக் கொத்திச் சமப்படுத்துங்கள். காலையில் தடம் புகுந்த இடத்தையும், அது சென்ற திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இவ்வாறு பார்த்தால் வழமையான வாயில் எதுவெனத் தெரியவரும். வலுவான வேலியும் இரவுக் காவலும் முதலில் அவ்விடத்திற்கே உரியன.

அவ்வழியில் சுருக்குக்கம்பி மாத்திரம் வைக்காதீர்கள். பன்றிக்கென வைத்த சுருக்கில் மலைநாட்டுத் தோட்டங்களில் சிறுத்தைகள் சிக்கி மாண்டுள்ளன. கொழுந்தெடுக்கச் செல்வோரும் அவ்வழியே நடக்கின்றனர் என்பதை மறவாதீர்கள்.