ஆசிரியப் பணியினின்று வேறு தொழிலுக்கு



"வாத்தியார் வேலையை விட்டுவிடலாமா?" என்று நம் இளைஞர் சிலர் என்னிடம் தனியே வினவியதுண்டு. பலர் முன்னிலையில் கேட்க அவர்களுக்கு அச்சம். அவ்வச்சம் நியாயமானதே. நம் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலாக மாதச் சம்பளம் கொண்டுவந்தவர் ஓர் ஆசிரியரே. தம்பியின் படிப்பு, தங்கையின் திருமணம், தந்தையின் பழைய கடன் யாவும் அச்சம்பளத்தை நம்பியே நிற்கும். பதினோராண்டு கற்பித்தபின் நான் பள்ளியை விட்டு நீதிமன்றம் புகுந்தபோது, "ஒண்ணாந் தேதி சம்பளம் இனி வராதாப்பா?" என்றுதான் என் அன்னையார் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

விடையோடு புறப்பட்டவர் அண்ணல் அம்பேத்கர். அவரைச் சட்டமேதையாகப் போற்றும் நாம், பேராசிரியப் பணியைத் துறந்து அத்துறைக்குச் சென்றவர் என்பதை அவ்வளவாக எண்ணுவதில்லை. 1918 நவம்பரில் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். பொதுப் பானையில் அவர் நீர் அருந்துவதைச் சக ஆசிரியர் சிலர் எதிர்த்தனர். ஆயினும் மனக்கசப்பால் ஒருநாளில் வேலையை வீசியெறிந்தவரல்லர். இலண்டனில் இடையில் நின்றுபோன படிப்பை முடிப்பதற்கெனச் சிக்கனமாய் வாழ்ந்து பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவியும், நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடனும் கூடிய பின்னரே 1920-இல் கப்பலேறினார். பாரிஸ்டராகித் திரும்பி, 1923-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார்.

வழக்குகள் வந்து குவிந்தனவா? இல்லை. வழக்கைக் கொணர வேண்டிய சொலிசிட்டர்கள் அவரை நாடவில்லை. 1925 முதல் 1928 வரை, பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் கற்பித்தார். 1935-இல் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வருமானார். விட்டுவந்த தொழிலே அவருக்கு ஊன்றுகோலாய் இருந்ததைக் கவனியுங்கள்.

நானோ ஏதும் சேர்க்காமல் இறங்கினேன். வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர் முழுநேரச் சம்பள வேலையில் இருத்தலாகாது என்பது விதி. ஆகவே தொழில் தொடங்குமுன்னரே சம்பளம் நின்றுவிடும். மூத்த வழக்கறிஞரிடம் தொழில் பழகிய காலத்தில் எனக்குக் கிடைத்தது பேருந்துச் செலவுக்கும் காணவில்லை. என் துணைவியாரின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. இன்றும் அவர் அதைச் சொல்லிக்காட்டுவார். சொல்ல அவருக்கு உரிமையுண்டு. ஈராண்டுக் குடும்பச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு விலகல் கடிதம் எழுதுங்கள் என்பேன்.

வேலையை விடுவது சமூகத்துக்குச் செய்யும் துரோகம் என்பாரும் உளர். அதை நான் ஏற்கவில்லை. எம்.சி. ராஜா அவர்களும் ஆசிரியராயிருந்து சட்டமன்றம் சென்றவரே. எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. நான் விலகிய பள்ளிக்கு ஓராண்டுக்கு மேல் வேறு ஆசிரியர் வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்காம் வகுப்போடு அமர்ந்து, படித்த பாடத்தையே மீண்டும் படித்தனர். அவர்களுள் இருவர் படிப்பை நிறுத்தினர். அந்தக் கடனை எண்ணியே நம் சங்கத்து மாலைப் பள்ளியில் வெள்ளிதோறும் கணக்குப் பாடம் நடத்திவருகிறேன். விழாவை முன்னிட்டு இவ்வாரம் வகுப்பில்லை. அடுத்த வெள்ளி ஆறு மணிக்கு உண்டு. பின்னம் இன்னும் முடியவில்லை.