வேலைநிறுத்தமும் வாக்குச்சீட்டும்

அமெரிக்கத் தொழிலாளர் இயக்கம் புகட்டும் பாடம்

(மே தினக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மே தினத்தைக் கொண்டாட நாம் கூடியிருக்கின்றோம். இத்தினம் பிறந்த நாடு எது? முதலாளித்துவத்தின் கோட்டை எனப்படும் அமெரிக்காவே. 1886ஆம் ஆண்டு மே முதலாம் திகதி எட்டு மணி நேர வேலை கேட்டு அந்நாட்டுத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் வெளியேறினர். நான்காம் திகதி சிக்காகோ நகரின் ஹேமார்க்கெற் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. எறிந்தவன் யாரென்பது நிரூபிக்கப்படாமலே மறு ஆண்டு நால்வர் தூக்கிலிடப்பட்டனர். இவ்வளவும் நாம் மேடைதோறும் கேட்டவை. அதே ஆண்டின் எஞ்சிய மாதங்களில் நடந்தவற்றையோ நாம் அதிகம் பேசுவதில்லை.

அவ்வாண்டு நவம்பரில் நியூயோர்க் நகர மேயர் தேர்தல் நடந்தது. தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி ஹென்றி ஜோர்ஜ் என்னும் பொருளியல் அறிஞரைத் தமது அபேட்சகராக நிறுத்தின. அவர் 68,110 வாக்குகள் பெற்றார். வென்ற ஜனநாயகக் கட்சியாளருக்குக் கிடைத்தவை 90,552. பின்னாளில் ஜனாதிபதியான தியடோர் றூஸ்வெல்ற் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். டிசம்பரில் கொலம்பஸ் நகரில் அமெரிக்கத் தொழிற் சம்மேளனம் உதயமாயிற்று. சுருட்டுத் தொழிலாளியான சாமுவேல் கொம்பர்ஸ் அதன் தலைவரானார்.

ஒரே ஆண்டில் மூன்று வழிகள் தென்பட்டன: வேலைநிறுத்தம், சொந்தக் கட்சி, கட்சி சாராச் சம்மேளனம். எவ்வழி செல்வது என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை.

நண்பனும் பகைவனும்

கொம்பர்ஸ் தேர்ந்த வழி எது? ‘கட்சியைப் பாராதே, நண்பனுக்கு வாக்களி, பகைவனைத் தோற்கடி’ என்பதே அவர் கொள்கையின் சாரம். அரசியலை விட்டு விலகி நிற்கவே அவர் விரும்பினார். ஆயினும் நீதிமன்றங்கள் அவரை விட்டபாடில்லை. பெருங் கொம்பனிகளின் ஏகபோகத்தைத் தடுக்க 1890இல் இயற்றிய சட்டத்தைச் சங்கங்களின் மேலேயே பிரயோகித்தனர். டன்பரி நகரத் தொப்பித் தொழிலாளர் நடத்திய பகிஷ்காரம் வர்த்தகத் தடையென 1908இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சாதாரண அங்கத்தவரின் வீடுகளும் சேமிப்புகளும் நட்டஈட்டுக்காக முடக்கப்பட்டன.

சம்மேளனம் வாக்குப் பலத்தை நாடியது. 1913இல் தொழில் இலாகா அமைந்தது; சுரங்கத் தொழிலாளியாய் இருந்த ஒருவரே அதன் முதல் மந்திரியானார். 1914இல் சங்கங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் பிறந்தது. கொம்பர்ஸ் அதனைத் தொழிலாளரின் உரிமைச் சாசனமெனப் போற்றினார். 1921இல் உச்ச நீதிமன்றம் தன் வியாக்கியானத்தால் அதன் உயிரைப் போக்கியது. சட்ட நூல்களோடு பழகிய நாம் இதிற் கற்பது ஒன்று: சட்டத்தை எழுதுவிப்பது பாதி வேலை, எழுதிய சட்டத்தைக் காப்பது மறுபாதி.

சொந்தக் கட்சி வழியும் எளிதன்று. 1924இல் சம்மேளனம் ஆதரித்த லா பொலெற் ஏறக்குறைய 48 இலட்சம் வாக்குகள் பெற்றும் ஒரேயொரு மாநிலத்திலேயே வென்றார். வென்றவனுக்கே யாவும் என்ற தேர்தல் முறையில் மூன்றாவது கட்சி மூச்சுவிடுவது அரிது.

கமக்காரரும் தொழிலாளரும்

இம்முறையையும் மீறிய மாநிலம் மினசோற்றா. அங்கே கமக்காரரும் நகரத் தொழிலாளரும் சேர்ந்து ஒரு கட்சி கண்டனர். அதன் தலைவர் புளொயிட் ஒல்சன் 1930இல் ஆளுநராகத் தெரிவானார். பொருளாதார மந்தத்தில் ஈட்டுக் கடன் கட்ட முடியாமற் காணிகள் ஏலத்திற் போனபோது, 1933இல் அம்மாநிலம் மீட்புக் காலத்தை நீட்டிச் சட்டம் செய்தது. கடன் கொடுத்தோர் வழக்காடினர். 1934இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. காணியை ஈடு வைத்தவனின் நெஞ்சு எப்படித் துடிக்கும் என்பதைக் கமக்காரராகிய உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அக்கட்சி 1944இல் ஜனநாயகக் கட்சியுடன் இணைந்தது. அதன் பெயர் அம்மாநிலக் கட்சியின் பெயரில் இன்றும் நிலைத்திருக்கின்றது.

நாடளாவிய திருப்பம் 1935இல் வந்தது. தொழிலாளர் சங்கம் அமைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் வாக்னர் சட்டம் உரிமை தந்தது. மறு ஆண்டுத் தேர்தலில் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜோன் லூயிஸ் ஏறத்தாழ ஐந்து இலட்சம் டொலரைப் பிராங்ளின் றூஸ்வெல்றின் வெற்றிக்கென ஈந்தார். அதே தேர்தலில் மிச்சிகன் மாநில ஆளுநராகத் தெரிவானவர் பிராங் மேர்பி. சில வாரங்களில் பிளின்ற் நகர மோட்டார் தொழிற்சாலைகளில் தொழிலாளர் உள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். மேர்பி படையை அனுப்பினார். ஆனால் தொழிலாளரை வெளியேற்ற அதனை ஏவவில்லை. 44 நாட்களின் பின், 1937 பெப்ரவரி 11ஆம் திகதி, கொம்பனி பணிந்தது. 1894இல் புல்மன் வேலைநிறுத்தத்தை மத்திய அரசின் படை அடக்கியது. தலைவர் யூஜின் டெப்ஸ் சிறை சென்றார். வேற்றுமை எங்கே? ஆட்சிக் கதிரையில் இருந்தவர் யார் என்பதிலே!

மதிலின் உடைப்பு

அன்பர்களே! இனித்தான் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய கட்டம். வாக்னர் சட்டம் எல்லோரையும் காக்கவில்லை. பண்ணைக் கூலிகளும் வீட்டு வேலைக்காரரும் விலக்கப்பட்டனர். தென் மாநிலக் கறுப்பினத் தொழிலாளருட் பெரும்பாலோர் இவ்விரு தொழில்களையே செய்தனர். தலைவரியாலும் பயமுறுத்தலாலும் அவர்களது வாக்கும் பறிக்கப்பட்டிருந்தது. சங்கமும் இல்லை, வாக்கும் இல்லை.

அதன் பலன் 1947இல் விளைந்தது. வேலைநிறுத்த உரிமையைக் குறுக்கி, சங்கப் பணம் தேர்தலிற் செலவாவதைத் தடுக்கும் ராவ்ற்-ஹாட்லி சட்டம் கொணரப்பட்டது. ஜனாதிபதி ட்ரூமன் ஒப்பமிட மறுத்தார். அவர் மறுப்பைப் பிரதிநிதிகள் சபை 331க்கு 83 என்ற வாக்குகளால் தள்ளியது. செனற் சபை 68க்கு 25. ட்ரூமனின் சொந்தக் கட்சியினருட் பெரும்பாலோரும் பிரதிநிதிகள் சபையில் அவருக்கு மாறாகவே வாக்களித்தனர். அவருட் பலர் தென் மாநிலத்தவர். தமது தொகுதியின் கறுப்பினத் தொழிலாளிக்குப் பதில் சொல்ல வேண்டாதவர். வட மாநிலத் தொழிலாளி கட்டிய மதில், அவன் சேர்த்துக்கொள்ளாத சகோதரன் நின்ற இடத்திலேயே உடைந்தது.

வாக்கற்ற தொழிலாளியின் நிலை, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்பின் நம் மலைநாட்டுத் தோட்டங்களைக் கண்ட எமக்குப் புதிதன்று.

1955இல் இரு சம்மேளனங்களும் ஒன்றாயின. அந்நாளிற் கூலி பெறுவோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் சங்க அங்கத்தவர். 2024இல் அது நூற்றுக்கு 9.9 ஆகச் சுருங்கியது. 1980இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சங்கம் றீகனை ஆதரித்தது. மறு ஆண்டு வேலைநிறுத்தம் செய்த அதே சங்கத்தினர் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரை றீகன் வேலைநீக்கினார். ஏனைய சங்கங்கள் அவர்களுக்காக வேலைநிறுத்தத்தில் இறங்கவில்லை. தனித்து நிற்கும் சங்கம் தந்த வாக்குக்கு நன்றிக்கடன் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் நம்பிக்கை இழக்கக் காரணமில்லை. சங்கங்களை நலிவிக்கும் சட்டமொன்றை 2012இல் ஏற்ற மிச்சிகன் மாநிலம், 2023இல் அதனை நீக்கியது. பிளின்ற் நகர் உள்ள அதே மாநிலம்!

ஆதலின் நாம் கூறுவது இதுவே. வேலைநிறுத்தம் பெற்றுத் தருவதை வாக்குச்சீட்டு காக்க வேண்டும். வாக்குச்சீட்டுக் காப்பதை ஒற்றுமை காக்க வேண்டும். ஒருவனை வெளியே விட்டு எழுப்பும் மதில் எவரையும் காக்காது. சிக்காகோவில் உயிர்விட்டோரை நினைந்து மாலை சூட்டும் இந்நாளில், நம் மதிலுக்கு வெளியே நிற்பவர் யார் என எண்ணிப் பார்த்து வீடு செல்வோமாக.