விளையாட்டே தொழிலாகக் கொண்டவர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இதே மேடையில் திருக்குறளைப் பற்றிப் பேசினேன். இவ்வாண்டும் அத்தகைய பொருள் ஒன்றையே எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டதோ, நம் பிள்ளைகள் திரையின் முன் அமர்ந்து ஆடும் சண்டை விளையாட்டும், அதையே தொழிலாகக் கொண்ட உமேஹாரா தைகோ என்னும் ஜப்பானியரின் வரலாறும் ஆகும். முகம் சுளிக்க வேண்டாம். சில மாதங்களுக்கு முன் நானும் சுளித்தவனே. என் மூத்த மகன் இதைத் தொழிலாகக் கொள்ளப்போவதாகச் சொன்ன அன்று, அவனுடைய ஆட்டக் கருவியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மூன்று வாரம் வீட்டில் பேச்சில்லை. ஒருநாள் இரவு அவனே வந்து, “அப்பா, இதை ஒரு தடவை பாருங்கள். பிறகு பூட்டியே வையுங்கள்” என்று கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினான்.

அது 2004-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், ஈவோ என்னும் போட்டியில் நிகழ்ந்தது. ஆட்டத்தின் பெயர் ‘ஸ்டிரீட் ஃபைட்டர்’. அவ்வரிசையின் மூன்றாம் பகுதி. தைகோவை எதிர்த்தவர் ஜஸ்டின் வாங் என்னும் அமெரிக்கர். தைகோ ஆட்டுவித்த வீரனுக்கு உயிர் மயிரிழை அளவே எஞ்சியிருந்தது. வலிய அடியைத் தடுத்துக்கொண்டாலும் உயிர் சிறிது குறையும் என்பது அவ்வாட்டத்தின் விதி. ஆகவே தடுத்தாலும் சாவு, தடுக்காவிடினும் சாவு. எஞ்சிய வழி ஒன்றே. அடி வந்து விழும் அதே கணத்தில் கைப்பிடியை எதிரியை நோக்கித் தள்ளினால், அவ்வடி உயிரைத் தீண்டாமல் கழியும். முந்தினாலும் பிந்தினாலும் தோல்வி. எதிரி தொடுத்த தாக்குதலோ அடுத்தடுத்துப் பதினைந்து அடிகள். பதினைந்தையும் தைகோ அவ்வாறே கழித்தார். கழித்த கையோடு திருப்பித் தாக்கி வென்றார். கூடியிருந்தோர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். இவ்வாட்டத்தில் காலத்தை ஒரு வினாடியின் அறுபதில் ஒரு பங்காக எண்ணுகிறார்கள். வண்டிகளின் தாமதத்தை நிமிடக் கணக்கில் எழுதியே இருபது ஆண்டுகளைக் கழித்தவனுக்கு அக்கணக்கு மலைப்பூட்டியது.

“இதற்கு எவ்வளவு கொடுத்தார்கள்?” என்று கேட்டேன். தகப்பன்மார் கேட்கும் கேள்வி அதுதானே! மகன் தயங்கினான். அந்த ஆட்டத்தில் அன்றைய கோப்பை தைகோவுக்குக் கிடைக்கவே இல்லை. இறுதிச் சுற்றில் தம் நாட்டவர் ஒருவரிடமே தோற்றுப்போனார். உலகமெங்கும் பார்த்து வியந்த காட்சி, பார்த்தவர்களுக்கு வியப்பையும் ஆடியவருக்கு இரண்டாம் இடத்தையும் தந்தது. அதற்குப்பின் நான்தான் தூக்கம் கெட்டு அம்மனிதரின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன்.

அவர் பிறந்தது 1981-இல், அவோமோரியில். காசு போட்டு ஆடும் கூடங்களே அவருடைய பள்ளி. ஜப்பானில் அக்கூடங்களின் வழக்கம் எளியது: எதிரெதிர் இயந்திரங்களில் இருவர் அமர்வர், வென்றவர் ஆடிக்கொண்டே இருப்பார், தோற்றவர் மீண்டும் காசு போடவேண்டும். சில்லறை குறைந்த சிறுவனுக்கு வெற்றியே சிக்கனம்! 1998-இல், பதினேழு வயதில், சான் பிரான்சிஸ்கோ சென்று அமெரிக்க வீரரை வென்று திரும்பினார். ஆயினும் அக்காலத்தில் இவ்வாட்டத்தால் அங்கு ஒருவரும் குடும்பம் நடத்த இயலாது. சம்பளமில்லை, சங்கமில்லை, ஓய்வூதியமில்லை. 2004-இன் அந்தப் புகழுக்குப்பின் அவர் ஆட்டத்தை விட்டே விலகினார். சில காலம் மாஜாங் என்னும் சூழ்ச்சி ஆட்டத்தில் முயன்றார். அதையும் விட்டு, முதியோரைப் பேணும் இல்லம் ஒன்றில் பணிக்குச் சேர்ந்தார்.

அன்பர்களே, என் மகனுக்கு அந்தப் பதினைந்து அடிகள் பெரிது. எனக்கு இந்த முதியோர் இல்லமே பெரிது. கைதட்டல் கேட்டுப் பழகிய இளைஞர் ஒருவர் முதியவர்களுக்குப் பணிவிடை செய்த அந்நாட்களில், எதிரி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. அங்கேயே அவர் தங்கியிருந்தால் நாம் அவரைப் பற்றிப் பேசியிருக்கமாட்டோம். எனினும் அது தோற்றுப்போன வாழ்வு என்று நான் சொல்லத் துணியேன்.

2008-இல் அவ்வரிசையின் நான்காம் பகுதி கூடங்களுக்கு வந்தது. அவர் மீண்டும் வந்து அமர்ந்தார். 2009-இல் ஈவோ கோப்பையை வென்றார். இறுதியில் எதிரே இருந்தவர் அதே ஜஸ்டின் வாங். 2010-இலும் வென்றார். அவ்வாண்டிலேயே ஆட்டக் கருவிகள் செய்யும் மேட் கேட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் அவரை ஆதரிக்க முன்வந்தது, ஆட்டம் தொழிலாயிற்று. பிற்காலத்தில், 2017-இல், அந்நிறுவனமே திவாலாயிற்று. இளைஞர்கள் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும். நிலையான உத்தியோகம் என்று நாம் சொல்லும் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

2015-இல் கேப்காம் கோப்பைப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். பரிசுத் தொகை 60,000 டாலர். அதை முழுவதும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக் கலை பயிலும் மாணவர்களின் உதவித்தொகைக்கு அளித்துவிட்டார். இதைக் கேட்ட என் மனைவி, “அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிற்றா?” என்று வினவினாள். எனக்கு விடை தெரியவில்லை.

நாற்பதைக் கடந்த என்போன்றோருக்கு ஒரு செய்தியும் உண்டு. 2023-இல் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இவ்வாட்டத்துக்கும் பதக்கம் வைத்தார்கள். நம் நாட்டிலிருந்தும் வீரர்கள் சென்றார்கள். தங்கம் வென்றவர் கொரியாவின் கிம் குவான்-ஊ. அப்போது அவருக்கு வயது 44. விரல் வேகம் ஒன்றே இந்த ஆட்டம் என்று நான் எண்ணியிருந்தது அன்றோடு போயிற்று.

அலமாரியைத் திறந்துவிட்டேன். டிப்ளமோ படிப்பை முடிக்க வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் ஆடக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவதை ஏற்றுக்கொண்டான், இரண்டாவதில் இன்னும் வழக்கு நடக்கிறது. அவன் தைகோ ஆவானா என்று கேட்டால், ஆகமாட்டான் என்றே நினைக்கிறேன். அவனுக்கும் அது தெரிந்திருக்கிறது.

செயலாளர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். கேரம் போட்டி நடத்தும் ஞாயிற்றுக்கிழமைகளுள் ஒன்றை இப்பிள்ளைகளுக்கு ஒதுக்கித்தர வேண்டும். திரைக்கு என் வீட்டுத் தொலைக்காட்சியைக் கொண்டுவருகிறேன். பெற்றோர் முன் வரிசையில் அமர்ந்து பார்க்கட்டும்.