கட்டுப் போட்டால் போதுமா?



டெல்லியில் கட்டட வேலை, வீட்டு வேலை செய்கிறவர்களுக்குக் கால்தான் மூலதனம். படியில் கால் புரண்டால் கணுக்கால் எலும்பு முறியலாம்.

கணுக்காலைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் எலும்பு புடைத்திருக்கும். இவை மூட்டைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. வெளிப்பக்க எலும்பு மட்டும் முறிந்து, மூட்டு விலகாமல் இருந்தால் அது நிலையான முறிவு. இதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டாம். மாவுக்கட்டு போதும்.

புடைத்த எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? நான்கு அடி நடக்க முடியவில்லையா? உடனே எக்ஸ்-ரே எடுங்கள். அதற்கு முன் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள்.

"கட்டுப் போட்டாயிற்று. மறுபடி ஏன் போகவேண்டும்? ஒரு நாள் கூலி போகுமே!" என்பீர்கள். நியாயம்தான். சப்தர்ஜங் போன்ற பெரிய அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றால் அன்றைய வேலை போச்சு. ஆனாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரச் சொல்லும் தேதியைத் தவறவிடாதீர்கள்.

ஏன்? முதல் படம் படுத்தபடி எடுத்தது. உடல் பாரம் விழும்போது மூட்டு விலகலாம். அதனால் காலை ஊன்றி நிற்கச் சொல்லி மறுபடி படம் எடுப்பார்கள். விலகல் தெரிந்தால் அப்போதே சரிசெய்யலாம். விட்டுவிட்டால் எலும்பு கோணலாகக் கூடும். மூட்டு தேயும். வலி தீராது.

அந்தப் படம் நன்றாக இருந்தால் வாராவாரம் படம் தேவையில்லை. "மூட்டு விலகாமல் இருக்கிறதா? காலை ஊன்றலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கட்டு வழக்கமாக 6 வாரம் இருக்கும். பின்லாந்தில் நிலையான முறிவு உள்ள 247 பேரிடம் ஆய்வு செய்தார்கள். அவர்களுக்கு 3 வாரமே போதும் என்று 2019-இல் தெரிந்தது. உங்களுக்கு எத்தனை வாரம் என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். நீங்களே கட்டை வெட்டாதீர்கள்.

விரல் நீலமானால், மரத்துப்போனால், கெண்டைக்கால் வீங்கினால், மூச்சு முட்டினால் தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள். உடனே ஓடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். அவர்களுக்கு எலும்பு கூட நாளாகும்.

கட்டைப் பிரித்ததும் பாதத்தை மேலும் கீழும் அசைத்துப் பழகுங்கள். வீக்கம் சில மாதம் இருக்கலாம். பயப்படவேண்டாம். முதலில் தரையில் நடங்கள். சாரம் ஏறுவது கடைசியில்தான்.

எக்ஸ்-ரே படத்தையும் சீட்டையும் ஒரே பையில் வையுங்கள். ஊருக்குப் போனாலும் கூடவே கொண்டுபோங்கள். சீட்டு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். தேதி எண்ணில்தான் இருக்கும். எண்ணைப் படிக்க உங்களுக்குத் தெரியும். நீங்களே படியுங்கள். அந்த நாளில் போய் வாருங்கள்.