ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம்



ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை உள்ள வீட்டில் உயிரியல் ரெக்கார்டு நோட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் வெள்ளைத்தாள், எதிர்ப்பக்கம் கோடு போட்டது. வெள்ளைத்தாளில் பென்சில் படம். கோட்டுப் பக்கத்தில் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, காண்பது, அறிவது. எழுத்து முத்துமுத்தாக இருக்கும். முப்பது வருடம் அந்த நோட்டுகளில் கையெழுத்துப் போட்டவள் நான். ஐம்பது நோட்டின் அட்டையையும் கழற்றிவிட்டுக் கலந்து வைத்தால், கையெழுத்தை வைத்து இன்னாருடையது என்று சொல்லிவிடுவேன். உள்ளே எழுதியிருப்பதை வைத்துச் சொல்ல முடியாது. ஐம்பதிலும் ஒரே வாக்கியம்தான். எழுதிப்போட்டது நான்தானே!

அதனால் இன்றைக்கு ரெக்கார்டு நோட்டை விட்டுவிட்டு, ரஃப் நோட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். அதிலும் அதன் கடைசிப் பக்கத்தைப் பற்றி.

உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப் என்று ஒரு சோதனை உண்டு. கிழங்கின் தோலைச் சீவி, அடியைத் தட்டையாக நறுக்கி, நடுவில் குழி தோண்டுவோம். குழிக்குள் சர்க்கரைக் கரைசல். அதன் மட்டம் எவ்வளவு என்று ஒரு குண்டூசியைக் குத்தி அடையாளம் வைப்போம். பிறகு கிழங்கைத் தண்ணீர் உள்ள கண்ணாடி முகவையில் உட்கார வைத்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் குழிக்குள் மட்டம் ஏறியிருக்கும். வெளித் தண்ணீர் கிழங்கின் செல்களைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. இதுதான் சவ்வூடு பரவல்.

ஒருநாள் சோதனை தொடங்குமுன் பிள்ளைகளிடம் சொன்னேன்: “என்ன நடக்கும் என்று தோன்றுகிறதோ, அதை ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். முடிந்த பிறகு, நினைத்தது நடந்ததா என்று எழுதுங்கள். மார்க் கிடையாது. பேசுகிற மாதிரியே எழுதலாம்.” ஒரு மாணவி எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

“சர்க்கரைத் தண்ணிதான் கெட்டி. அது வெளியே போயிடும், மட்டம் இறங்கும்னு நினைச்சேன். ஏறிடுச்சு. குண்டூசியைத் தப்பாக் குத்திட்டேனோன்னு பயந்து பக்கத்து டேபிளைப் பார்த்தேன். அங்கேயும் ஏறியிருந்துச்சு. எங்க அம்மா எலுமிச்சங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில வைப்பாங்க. தண்ணியே ஊத்த மாட்டாங்க. மறுநாள் பார்த்தா ஜாடியில தண்ணி நிக்கும். அதுவும் இதுவும் ஒண்ணா டீச்சர்?”

ஒன்றுதான். உப்பு வெளியே இருக்கிறது, அதனால் காயின் செல்லிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறது. கிழங்கில் சர்க்கரை உள்ளே இருந்தது, தண்ணீர் உள்ளே போனது. ஊறுகாய் ஜாடியை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மட்டம் இறங்கும் என்று அவள் மனதில் இருந்ததும் எனக்குத் தெரியாது. அதே பெண் ரெக்கார்டில் ‘குறை அடர்விலிருந்து மிகை அடர்வுக்கு’ என்று பிசகில்லாமல் எழுதி, என் கையெழுத்தையும் வாங்கியிருந்தாள்.

இன்னொரு பையன் எழுதியது ஒரே வரி: “கிழங்கை வேக வச்சு எடுத்துட்டு செஞ்சா?” அதுவரை அதை நான் வகுப்பில் செய்து காட்டியதில்லை. மறுநாள் செய்தோம். மட்டம் முன்போல ஏறவில்லை. வெந்த கிழங்கில் செல் சவ்வு சிதைந்துவிடுகிறது. தண்ணீரை விட்டுச் சர்க்கரையைத் தடுக்க அங்கே ஆள் இல்லை. சவ்வு எதற்கு என்பதை அந்த வெந்த கிழங்கு சொன்ன மாதிரி நான் ஒருநாளும் சொன்னதில்லை.

எழுதிப் பார்த்து யோசிப்பது விஞ்ஞானிகளுக்குப் பழக்கமான வேலைதான். டார்வின் 1837-இல் தன் குறிப்பேட்டில் ஒரு கிளை மரத்தைக் கிறுக்கினார். உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்ததைக் காட்டும் படம். அதற்கு மேலே, ‘எனக்குத் தோன்றுகிறது’ என்ற பொருளில் இரண்டே சொல். அந்தக் கருத்தை விளக்கும் அவர் புத்தகம் வெளிவந்தது 1859-இல். தன் கருத்துக்கு எதிரான செய்தி எது கண்ணில் பட்டாலும் உடனே எழுதி வைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவைதான் சீக்கிரம் மறந்துபோகும் என்பது அவர் அனுபவம். அந்தக் கிறுக்கல் நோட்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து காணாமல் போய், இருபது வருடத்துக்கு மேல் கழித்து, 2022-இல் ஒரு ரோஸ் நிறப் பைக்குள் திரும்பி வந்தது. கொண்டுவந்து வைத்தது யார் என்று தெரியவில்லை. அவரும் ஒரு ரஃப் நோட்டின் அருமை தெரிந்தவர்தான் போலும்.

ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் நான் கேட்கிற கேள்வி ஒன்று: “ஒரு வேப்பங்கொட்டை இத்தனை பெரிய மரமாகிறதே, அந்த எடை எங்கிருந்து வந்தது?” கடைசிப் பக்கங்களில் பாதிக்கு மேல் ‘மண்’ என்றுதான் இருக்கும். சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற பிள்ளைகள் இவர்கள். நம் பிள்ளைகளைக் குறை சொல்ல வேண்டாம். அமெரிக்காவில் 1997-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில், பேர்பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கியவர்களிடமே இதைக் கேட்டார்கள். அவர்களில் பலருக்கும் காற்று நினைவுக்கு வரவில்லை.

இதே கேள்விக்கு விடை தேடி, வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர் 200 ராத்தல் காய்ந்த மண்ணில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 ராத்தல் சொச்சம் வந்தது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். ஆகவே எல்லாம் தண்ணீர்தான் என்று முடிவுகட்டினார். அவர் இறந்த பிறகு 1648-இல் வெளியான நூலில் இது இருக்கிறது. ‘வாயு’ என்பதற்கு இன்று உலகமே சொல்கிற ‘கேஸ்’ என்ற சொல்லை உண்டாக்கியவரும் அவரே. கரி எரிகையில் வரும் வாயுவைத் தனியாக அடையாளம் கண்டவர், மரம் அதையே தின்று வளர்கிறது என்பதைப் பார்க்கத் தவறினார். காய்ந்த மரக்கட்டையின் எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடு கொடுத்தது. இந்தக் கதையைச் சொன்னபின் பிள்ளைகள் தங்கள் ‘மண்’ணுக்கு வெட்கப்படுவதில்லை. அடுத்த வரியில் தாங்களே மாற்றி எழுதுவார்கள்.

நான் சறுக்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம், அக்கறையாக எழுதட்டும் என்று கடைசிப் பக்கத்துக்கும் ஐந்து மார்க் வைத்தேன். மறுவாரமே நோட்டுக்கு நோட்டு, ‘இன்றைய வகுப்பு மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று வந்தது. சிலர் கலர் பேனாவில் பார்டர் வேறு கட்டியிருந்தார்கள். மார்க்கை எடுத்தேன், சிவப்புப் பேனாவையும் எடுத்து உள்ளே வைத்தேன். ஆங்கில வழிப் பிள்ளைகளைத் தமிழிலேயே எழுதவிட்டேன். ஐம்பது பேர் வகுப்பில் எல்லாவற்றையும் தினம் படிக்க முடியாது. நாளுக்குப் பத்து நோட்டு போதும். பாடம் முடிவதற்குள் மணி அடித்துவிடுகிறதே என்பார்கள் சக ஆசிரியர்கள். நியாயம்தான். ஆனால் புரியாததையே இரண்டாம் முறை நடத்துகிற நேரத்தைவிட இதை எழுத ஆகிற ஐந்து நிமிடம் குறைவுதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் ரஃப் நோட்டைப் பின்னாலிருந்து புரட்டும்போது, தப்பும் தவறுமாக, பாதி பேச்சுத் தமிழில், ஒரு கேள்விக்குறியோடு முடிகிற வரி ஏதாவது கண்ணில் பட்டால், தயவுசெய்து “இதென்ன கிறுக்கல்?” என்று கேட்காதீர்கள். அந்தத் தாளைக் கிழித்துப் பலசரக்குச் சீட்டு எழுதவும் வேண்டாம்.